யாரால் திறக்கப்பட்டது

படிவத்தின் ஏழாவது கேள்வி:
பொழி திறந்த நாள், நேரம்,
யாரால் திறக்கப்பட்டது.
அடியில் இரண்டு கட்டம்.
துறையினரால். பொதுமக்களால்.

நான் ஷைனி மலர், தினக்கூலிக்கு உப்பு அளக்கிறேன்.
மணக்குடிப் பாலத்தடியில்
காலை ஒரு குப்பி, மாலை ஒரு குப்பி.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்கிற கோட்டில் எண் தெரியும்.
ஐப்பசி பிறந்ததிலிருந்து அது இரண்டைத் தாண்டவில்லை.
கடல் அந்தப்புறம்தான் இரைந்துகொண்டிருந்தது,
நடுவில் ஆளுயர மணல்.

இந்தப்புறம் பழையாறு
போக வழியில்லாமல் தன் முதுகில் தானே ஏறி உட்கார்ந்திருந்தது.
நாகர்கோவில் கொடுத்தனுப்பிய நுரையையும்
ஒற்றைச் செருப்பையும்
கண்டல் வேர்கள் பிடித்து வைத்திருந்தன,
உரியவர் வந்து கேட்பார் என்பதுபோல.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம்.
தாணுலிங்கத்துக்கு மூன்று ஏக்கர் கும்பப்பூ,
நட்டுப் பதினெட்டு நாள்.
"உச்சி மட்டும் தெரியுது" என்றார்,
குளத்தில் இறங்கிய பிள்ளையைச் சொல்வதுபோல.
"வெட்டணும், நாளைக்கே."
பனியடிமை எழுந்தார்.
"வெட்டலாம், வாவு கழியட்டு.
இப்ப வெட்டினா கடல் உள்ள ஏறும்,
கரியப்போறது உம்ம நாத்துதான்."
தொண்டு அழுகப் போட்டிருந்த ரெஜினாளுக்கோ
அசையாத வெள்ளம் வேண்டும், இன்னும் ஒரு மாதம்.
ஒருவரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் அன்றைக்குச் சிரமமாக இருந்தது.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு படம் காட்டியிருந்தார்கள்.
சூரியனிலிருந்து பாசிக்கு ஓர் அம்பு,
பாசியிலிருந்து இறாலுக்கு,
இறாலிலிருந்து நீர்க்காகத்துக்கு.
கூட்டம் நடக்கையில் அதை நோட்டில் வரைந்து பார்த்தேன்.
தாணுலிங்கத்தின் யூரியாவுக்கு ஓர் அம்பு,
அதில் கொழுத்த பாசிக்கு ஒன்று,
தொண்டு நாற்றத்தில் மூச்சுமுட்டி மிதந்த கெளிறுக்கு,
கெளிறைக் கொத்தாமல் தாண்டிப்போன கொக்குக்கு.
கடைசியில் நோட்டு
கோழி கிளறிய முற்றம்.

வெட்டுவது என்று ஒன்பது மணிக்கு முடிவாயிற்று.
சுண்ணாம்புக் கோடு போட்டது நான்தான்.
ரசலையன் ஜேசிபியைக் கோட்டருகே நிறுத்தி
உள்ளேயே படுத்துக்கொண்டான்,
கடல் வற்றுகிற நேரம் விடியக்காலம் ஐந்தரை.

இரவு பூதப்பாண்டிப் பக்கம் நல்ல மழை.
மூன்று பத்துக்குப் பொழி உடைந்தது,
எங்கள் கோட்டுக்கு நாற்பதடி மேற்கே.

"நான் பாத்தேன்" என்றான் ரசலையன்.
"மூத்திரம் போக இறங்கினேன்.
ஒரு நண்டு வளை.
அதுவழியா நூலு மாதிரி ஒழுகிச்சு.
பீடி பத்தவச்சுத் திரும்புறேன்,
வளையக் காணோம்.
பீடி தீருமுன்ன மணலையே காணோம்."

விடிந்தபோது ஆறு கடலுக்குள்
ஒரு மைல் செம்மண்ணாய் நின்றது.
அந்த வேகத்துக்கு எதிரே
மடவைக் குஞ்சுகள், சுண்டுவிரல்கூட இல்லை,
மணலோரம் ஒட்டி ஒட்டி உள்ளே வந்தன.
ரெஜினாளின் தொண்டு ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போனது,
அவள் ஏழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.
வெட்டாத மணலுக்கு வாடகை உண்டா என்று
ரசலையனோடு நாலுபேர் சண்டை.
காலைக் குப்பி: ஒன்று.

படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன்,
வளை அளவுக்கு.
ஆபீசில் அடித்துவிடுவார்கள்.
அந்த நண்டுக்கு இப்போது வீடும் இல்லை.

சாயங்காலம் கடல் திரும்பி ஏறியது.
பாலத்தடியில் தாணுலிங்கம் காத்திருந்தார்,
முழங்கால்வரை சேறு.
நாற்று தலைதூக்கிவிட்டது என்று சொல்லத்தான் வந்தாராம்.
குப்பியை முக்கி, சொட்டு விட்டு,
மேற்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.

"எத்தனை?"

"ஒன்பது."

அவர் பாலத்துக்கு மேலே பார்த்தார்.
பனியடிமை கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
வாவுக்கு இன்னும் நாலு நாள்.