மக்கும் தேதி

வேர்க்கிளம்பி தபாலாபீசுக்குப் பின்னால்
முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய புகைப்புரைதான்
எங்கள் கம்பெனி.
கம்பெனி என்றால் நான், சுனிஜா,
அழுத்தும் எந்திரத்தை இயக்கும் வில்ஃபின்,
சொல்லாமல் போகும் கரண்டு.

குலை வெட்டிய மறுநாள் வாழைத்தடை எடுக்கப் போவோம்.
முதல் வருஷம் ஏசுவடியான் சொன்னார்:
"கொண்டு போ பிள்ளே,
கிடந்து அழுகினா வண்டுதான் வரும்."
அடுத்த வருஷம் தடைக்கு மூன்று ரூபாய்.
இப்போது ஏழு, சுமட்டுக்கூலி தனி.
பேச்சுவாக்கில் வாழைக்கழிவு என்று சொல்லிவிட்டேன்.
"எது கழிவு?" என்று
மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

போளை போளையாய் உரித்து
வேகவைத்து, அடித்து,
தும்புச்சோறு கலந்து,
மரச்சீனி மாவில் பசை காய்ச்சி
அச்சில் ஊற்றினால்
ஒரு பெட்டி.
சொல்ல ஆறு வரி.
செய்ய இரண்டு பகல், ஒரு ராத்திரி,
சுனிஜாவின் நைட்டியில்
எந்தச் சோப்புக்கும் மசியாத கறை.

தோவாளையில் பூதலிங்கம் அண்ணாச்சி
பிச்சி மொட்டை ஐஸ் வைத்துக் கட்டி
திருவனந்தபுரத்தில் பிளேன் ஏற்றுகிறார்.
இருபது வருஷமாய் தெர்மாகோல்.
"எட்டு மணிநேரம் ஊறப்படாது, கேட்டியா?
அதுக்குப் பொறவு
அது என்னவும் ஆவட்டும்."

கோயம்புத்தூர் லேபில் வேறு கேள்வி:
எத்தனை நாளில் மக்கும்?
தொண்ணூறுக்கு மேலே போனால்
சர்டிபிகேட் இல்லை.

ஒருவர் கரையாதே என்கிறார்,
ஒருவர் கரைந்து போ என்கிறார்.
நடுவில்
மரச்சீனிப் பசை என்ன செய்யும், பாவம்.

முதல் பெட்டி நாலு மணிநேரத்தில் கஞ்சி.
ஷார்ஜாவில் பிரித்தவன் அனுப்பிய போட்டோவில்
பூ எது, பெட்டி எது,
அண்ணாச்சிக்கே தெரியவில்லை.

இரண்டாவதில் மெழுகைக் கூட்டினோம்.
ஒன்றைக் கிணற்றடியில் புதைத்து
நாலு மாதம் கழித்துத் தோண்டினால்
அடியில் வில்ஃபின் பேனாவால் எழுதிய தேதி
அப்படியே இருந்தது.
மண்ணைத் தட்டிவிட்டு அதில்
மறுபடி பூ அனுப்பலாம்.
நல்லா உழைக்குதே என்று முதலில் ஒரு சந்தோஷம்.
அப்புறம் மூன்று பேரும்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

மூன்றாவது சரியாக வந்தது.
இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த வாரம்
நாற்பது பெட்டி அடுக்கி வைத்தோம்.
விடியக்காலம் வேன் வரும்.
கதவைத் திறந்தால்
கீழ்வரிசை முழுக்கக் கறையான் புற்று.
பதினேழு பெட்டி
ஒரே ராத்திரியில் மண்.

"சர்டிபிகேட் கெடச்சாச்சு" என்றான் வில்ஃபின்.
சிரித்தோம்.
வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு,
பதினேழை இருபத்தெட்டால் பெருக்கி
நோட்டில் எழுதினேன்.
நானூற்று எழுபத்தாறு.
தடைக்கூலி அதில் சேரவில்லை.

மிச்சம் இருபத்துமூன்றை வேனில் ஏற்றினோம்.
புகைப்புரையின் பழைய வாடை
பெட்டியில் ஏறியிருக்குமோ,
பிச்சி மணத்தைக் கெடுக்குமோ என்று
ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு.

மறுநாள் உச்சைக்கு போன்.
"பூவு நனையல்ல. வாடல்ல.
அடுத்த ஆழ்ச்சைக்கு இருநூறு வேணும்."
பெட்டி என்ன ஆச்சு, அண்ணாச்சி?
"என்ன ஆவும்? குப்பையில போட்டிருப்பான்."

நாங்கள் செய்ததைக் குப்பையில் போட்டார்கள் என்று
ஆளுக்கொரு சுக்குக்காப்பி குடித்தோம்.

பாதிக் காப்பியில் சுனிஜா கேட்டாள்:
"அங்க மழை உண்டா?"
யாரும் பேசவில்லை.
"ஈரம் இல்லாத மணல்ல
வாழை எப்பிடி மக்கும்?"

வில்ஃபின் கிளாசைக் கீழே வைத்துவிட்டு
எந்திரத்தின் பக்கம் போனான்.
கரண்டு வந்திருந்தது.