மைனஸ் பதினெட்டு

ஏழு ஜக்கெட் முடிந்தது.
எட்டாவதற்குச் சிப் இல்லை.
வாழைச்சேனைக் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
"கறுப்பு முடிஞ்சி அக்கா, பிறவுண்தான் கிடக்கு."
பிறவுணையே வாங்கினேன்.
யார் பங்குக்கு அது விழுகிறதோ
அவர் என்னைத் திட்டட்டும்.

வைகாசி வெயில், தகரக் கூரை.
மின்விசிறியைப் போட்டால் பஞ்சு பறக்கிறது,
நிறுத்தினால் நான் உருகுகிறேன்.
வெளியே ரெக்சீன், நடுவே பஞ்சு, உள்ளே பிளனல்,
மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாய்த் தைக்கவேண்டும்.
பதினாறாம் நம்பர் ஊசி நான்கு போயிற்று.
மடியில் கிடப்பது
காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரிக் கொதிக்கிறது.

துறைமுகத்து ஐஸ் கொம்பனியில்
குளிரறைக்குள் நிற்கிறவர்களுக்கு இது.
காலரின் உள்பக்கம் பேர் வேண்டும் என்றார் மனேஜர்,
"இல்லாட்டி ஆளுக்காள் மாத்திப் போட்டுக்கொண்டு சண்டை."
சபூருக்கு மூன்று எழுத்து.
கோணேசமூர்த்திக்கு ஏழு.
கூலி இருவருக்கும் ஒன்றுதான்.

நேற்று இரவு பத்தரைக்குப் போன்.
"கோணேசன் கட்டாருக்குப் போயிற்றான்.
அவன்ட இடத்துக்கு நிரஞ்சலா வாறா."
அவன் ஆறடி.
அவள் என் தோளுக்கு வருவாளாம்.

கையில் நான்கு அங்குலம் வெட்டினேன், கீழே ஐந்து.
ஏழு எழுத்தையும் பிளேட் நுனியால் உருவினேன்.
நூல் வந்துவிட்டது, துளைகள் வரவில்லை.
அதன்மேலேயே நிரஞ்சலாவைத் தைத்தேன்.
ஐந்தெழுத்தில் அவள் முடிந்துபோனாள்.
அதற்கப்பால் துளையிலேயே ஒரு 'த்தி',
விளக்கில் பிடித்தால் தெரியும்.
பிடிக்கவேண்டாம் என்று மடித்து வைத்தேன்.

காலை, எட்டையும் பழைய விரிப்பில் மூட்டை கட்டி
கிண்ணையடியிலிருந்து ஓட்டோ.
கடதாசி ஆலை வளைவில் மூட்டை சரிய
ஒரு கை கம்பியில், ஒரு கை முடிச்சில்.

மனேஜர் தையலை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.
சிப்பை ஏற்றி இறக்கினார். அதுவும் சரி.
சபூர்தான் பொக்கெற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தான்.
"கிளவுசோட போகுதில்லயே அக்கா."

கிளவுஸ்.
நெஞ்சளவு கேட்டேன், தோளளவு கேட்டேன்,
கழுத்தளவை இரண்டு தரம் கேட்டேன்.
கையில் என்ன போடுவீர்கள் என்று
கேட்கத் தோன்றவே இல்லை.

"உள்ளுக்க வந்து பாருங்களன்" என்றாள் நிரஞ்சலா.
தன்னுடையதைக் கழற்றி என் தோளில் போட்டாள்.
கதவு பிளாஸ்டிக் திரையோடு திறந்தது.

என் மூச்சை நான் அன்றுதான் பார்த்தேன்,
சோற்றுப்பானை மூடி திறந்த மாதிரி.
மூக்குக்குள் மயிர் விறைத்தது.
அடுக்கிய பெட்டிகளில் கெளவல்லாக்கள்
வாயைத் திறந்தபடி என்னை அளவெடுத்தன.
கொஞ்ச நேரம் சுகமாய்த்தான் இருந்தது.
பிறகு முதுகில் கோடு கோடாய் வந்தது குளிர்,
ஊசி போன வழியெல்லாம்.
நான் குத்திய ஒவ்வொரு கட்டத்தையும்
அது எண்ணிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை வெளித்துணியைக் குத்தக்கூடாது.
பஞ்சை உள்துணியோடு மட்டும் ஓடவேண்டும்.
இதை வெளியில் வந்து யாரிடமும் சொல்லவில்லை.
முழங்கால் ஆடுவதை மட்டும்
சபூர் பார்த்துச் சிரித்தான்.

நிரஞ்சலா திரும்ப வாங்கிப் போட முன்
காலரை விரலால் தடவினாள்.
"இதில முதல் ஆர்ர பேர் இருந்தது?"
சொன்னேன்.
"அங்க நல்ல வெக்கையாம்" என்றாள்,
பிறவுண் சிப்பைத் தாடைவரை இழுத்தாள்,
லொறிக்குப் பெட்டி இறக்கப் போய்விட்டாள்.

பாதிக் காசு இன்று.
பொக்கெற் பெரிதானபின் மீதி.
எட்டையும் ஒன்றாய்க் கழற்ற வழியில்லை.
நாளைக்கு நாலு, நாளையிண்டைக்கு நாலு.
லொறி நிரம்பும்வரை வாசலில் குந்தியிருந்து
முதல் நாலையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் ஓட்டோவில், உச்சி வெயிலில்,
மடியில் நாலு ஜக்கெட்.
அவற்றின் குளிர் இன்னும் விடவில்லை.
தொடையில் ஈரம் இறங்க
அசையாமல் இருந்தேன்.
ஓட்டோக்காரப் பொடியன் மூக்கைச் சுளித்துத் திரும்பினான்.
"என்ன மீன் அக்கா?"