அரைத் தேக்கரண்டி

மூன்று வருடத்துக்கு முன்னர்
"என்ன மிஸ், நித்திரை இல்லையோ?" என்று
லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.
கண்ணுக்கு மேலே தொங்கின தோலை
வெட்டிக்கொண்டு வந்தேன்.
இப்போது அதே லிஃப்டில்
குரலைத் தாழ்த்தி
"வீட்டில யாருக்கும் ஏதும்...?" என்கிறார்கள்.

யாரும் சாகவில்லை.
கொஞ்சம் கொழுப்புப் போயிற்று.

வெட்டினவர் கைராசிக்காரர்.
மச்சாளுக்கும் அவர்தான், அவளுக்கு வடிவாய் வந்தது.
என்னைப் பானை வழிக்கிற மாதிரி வழித்துவிட்டார்.
இமைக்கு மேலே எலும்பின் விளிம்பு தெரிகிறது.
கடற்கரை வீதியில் பொழுதுபடும்போது
அந்தக் குழியில்தான் முதலில் இருட்டுகிறது.

வெளிர் நிறம் பூசினால் பள்ளம் மேலெழும் என்றாள்
பம்பலப்பிட்டிக் கடைப்பெண்.
எழவில்லை. மினுங்கியது.

இரவில் கண் முழுக்க மூடுவதில்லை.
எனக்கு எப்படித் தெரியும்? செல்வநேசன்தான் சொன்னார்,
"நீர் என்னைப் பார்த்துக்கொண்டே நித்திரை கொள்ளுறீர்" என்று,
இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக
என்னைக் கண்டு கொஞ்சம் பயந்து.
விடிந்தால், மணல் போட்டுக் கசக்கின மாதிரி எரிவு.

நாரஹேன்பிட்டியில், நாலாம் மாடியில்,
டொக்டர் தில்ருக்‌ஷி கண்ணை மூடச் சொன்னார்.
மூடினேன்.
"மூடுங்கோ" என்றார் திரும்பவும்.
அப்போதுதான் விளங்கியது.

எடுக்கிறது சுகம், மிஸிஸ் செல்வநேசன்,
திருப்பி வைக்கிறதுதான் கரைச்சல்.
உள்ளே தழும்பு ஒட்டிப் பிடித்திருக்கு.
அதைப் பிரித்து, நடுவில்
உங்கட வயிற்றுக் கொழுப்பை வைக்கவேணும்,
ஊசியால், துளித்துளியாய்.
இரண்டு கண்ணுக்கும் சேர்த்து
அரைத் தேக்கரண்டி.
அதிலும் பாதியை உடம்பு தின்னும்.
ஆறு மாதம் போனால்தான் மிச்சம் தெரியும்.
கூட வைத்தால் கட்டிகட்டியாய் நிற்கும்,
நான் குறைத்துத்தான் வைப்பேன்.

வயிறு.
மூச்சைப் பிடித்துச் சேலை கட்டின வயிறு,
இரவுச் சோற்றை நிறுத்தி
சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து
நான் கரைக்கப் பார்த்த வயிறு,
ஒரு சொல் சொல்லாமல்
இருப்பு வைத்திருக்கிறது.

டொக்டர் கடிதமும் தந்தார்:
கண் மூடாமை, செயற்பாட்டுக் குறைபாடு.
அழகு என்ற சொல் எங்கேயும் இல்லை.
"காப்புறுதிக்குக் குடுங்கோ, சிலவேளை தருவாங்கள்."

தருவார்களா என்பது எனக்குத் தெரியும்.
தருகிற ஆள் நான்.
கோரிக்கைப் பிரிவு, யன்னலோர மேசை,
ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு.
"அழகுக்கான சிகிச்சை. அடங்காது."
அந்தச் சிவப்பு முத்திரை என் லாச்சிக்குள்தான் கிடக்கிறது.

போன மாசி மாதம், வத்தளை, பௌமியா என்று ஒரு பிள்ளை.
எரிகாயத் தழும்பு, கன்னத்திலிருந்து கழுத்துவரை.
படிவத்தின் ஓரத்தில் பேனையால் எழுதியிருந்தாள்,
சோறு வைக்குமளவு வாய் திறக்குதில்லை, சேர்.
சேர் நான்தான்.
அன்றைக்கு நடராஜாவின் பிரியாவிடை,
கீழே பிரியாணி வந்துவிட்டது.
குத்திவிட்டு இறங்கினேன்.

இன்று காலை அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன்.
மீள்பரிசீலனை என்று எழுதினேன்.
என் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை,
கைப்பைக்குள் இருக்கிறது, ரம்புட்டான் பைக்குக் கீழே,
ஒரு மூலை நனைந்து.

அறுவை அடுத்த வியாழன்.
அதுவரைக்கும் ஒவ்வொரு இரவும்
செல்வநேசன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
கடதாசிப் பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்து
என் இமைகளைக் கீழே இழுத்து ஒட்டுகிறார்.
வலதில் எப்போதும் கொஞ்சம் சரிவு.
"காணுமா?" என்கிறார்.
ஓம், காணும்.

பாணந்துறைப் பக்கம் கடைசி ரயில் போகிறது.
யன்னல் அதிர்கிறது.
ஒட்டின கண்ணுக்குள்
பேனையால் எழுதின அந்த ஓர வரி,
எழுத்து எழுத்தாய்.