தலை வெளியே

ஏற்காடு பஸ் ஏறுகிற யாரையும் கேளுங்கள்,
எலுமிச்சம்பழத்தை மோந்தால் வாந்தி வராது என்பார்கள்.
எப்படித் தெரியும் என்றால்
"எனக்கு வந்ததில்லையே" என்பார்கள்.
மோக்காமல் போயிருந்தால்?
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
பதில் இல்லாத அந்தச் சின்ன இடத்தில்தான்
என் ஆராய்ச்சிப் பட்டம் கூடாரம் போட்டது.

அடிவாரம் செக்போஸ்ட். அறுபது பேர்.
பாதி ஏற்றத்தில், பாதி இறக்கத்தில்.
சீட்டுக் குலுக்கி
இருபது பேருக்குத் துணிப்பையில் பழம்.
இருபது பேருக்கு அதே பையில் மரக்குண்டு,
கூடவே ஒரு பொய்:
"புது ரகம், வாசனை கம்மி, வீரியம் ஜாஸ்தி."
பொய்க்கு நெறிமுறைக் குழுவின் கையெழுத்து இருந்தது.
மீதி இருபது பேர் வெறுங்கை.

எண்ணுவது கண்டக்டர் செங்கோடன்.
எந்தப் பையில் என்ன என்று அவருக்குத் தெரியாது.
தெரிந்தவள் நான்;
அதனாலேயே எண்ணும் உரிமை எனக்கில்லை.
ஆசைப்படுகிற கையில் தராசைக் கொடுக்காதே என்பார்
என் வழிகாட்டி மெஹருன்னிசா மேடம்.
ஜன்னலுக்கு வெளியே தலை போனால் ஒரு கோடு.
இருபது வளைவுக்கும் அவ்வளவுதான் கணக்கு.

பழம் மூன்று.
மரக்குண்டு நான்கு.
வெறுங்கை பதினொன்று.

அன்று ராத்திரி அஸ்தம்பட்டி ரூமில் தூக்கமே இல்லை.
வயிற்றைப் பிடித்து நிறுத்தியது பழமல்ல, மனசு
என்று மூன்று விதமாகத் தலைப்பு எழுதிப் பார்த்தேன்.

இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது விதி.
நாகலூர் வெள்ளச்சி பையைப் பிரித்து
மரக்குண்டைத் தட்டிப் பார்த்தார். சிரித்தார்.
"நானே வெச்சிக்கிறேனே, திரும்பிப் போகணுமில்ல?"
கட்டை என்று தெரிந்த பிறகுமா?
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.

அப்புறம் இருபத்து மூன்றாம் சீட்டு.
இறக்கம். பழம்.
மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருகிறவர்.
காலையில் பெட்டி தூக்கிய கைக்கு
இப்போது வேலை இல்லாததால்
என் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
பதினேழாம் வளைவில் தலை வெளியே போயிற்று.
தோள் குலுங்கியது.
பின்னாலிருந்து செங்கோடன் கோடு போட்டார்.
நான் பக்கத்து வரிசையில் இருந்தேன்.
அது வாந்தி இல்லை.

அழித்திருக்கலாம்.
மூன்று இரண்டாகும், என் முடிவு இன்னும் அழகாகும்.
அழகாகும் என்பதாலேயே
ரப்பரைத் தொடவில்லை.
வெறுங்கைக்காரர் பதினொரு பேரில்
எத்தனை பேர் தோளை நான் கவனித்தேன்?
விதி என்னை என்னிடமிருந்து காப்பாற்றியது.
அந்த அம்மாவை அது தப்பாகத்தான் எழுதியது.
இரண்டும் ஒரே பென்சில் கோட்டில்.

வைகாசியில் மறுபடி செய்தோம்.
இந்தத் தடவை இருநூற்று நாற்பது பேர்.
பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்து நான்கு.
முதலில் நான் பார்த்தது மனசின் வேலையா,
அறுபது என்கிற சின்ன எண்ணின் குறும்பா?
"நல்லது, இதையும் எழுது" என்றார் மேடம்.
எழுதினேன்.
தலைப்புதான் ஒன்றும் தோன்றவில்லை.

பழத்தில் ஒன்றுமில்லை என்றும் நான் நிரூபித்துவிடவில்லை.
செங்கோடன் நோட்டில் இருப்பது வாந்தி அல்ல,
வெளியே போன தலைகள்.
உள்ளே என்ன என்று கேட்டால் சொல்வார்கள்;
கேட்டதால்
கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.
கேட்காமல் விட்டாலோ, பழையபடி
"எனக்கு வந்ததில்லையே."

ஆய்வு முடிந்த மறுவாரம், கடைசி பஸ்ஸில் இறங்குகிறேன்.
ஒன்பதாம் வளைவு. கீழே சேலம் விளக்குப் போட்டுவிட்டது.
எது ஜங்ஷன், எது ஐந்து ரோடு என்று தேட
தலையை வெளியே நீட்டினேன்.

பின் சீட்டில் செங்கோடன்
காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுக்கிறார்.