பேய்க்கணவாய்க் கணக்கு

முட்டம் துறைமுகத்தில் எனக்கு வேலை
எடை போடுவதும் சீட்டு எழுதுவதும்.
ஓட்டுக்கணவாய் ஒரு தட்டு, ஊசிக்கணவாய் ஒரு தட்டு,
கடைசியில் பேய்க்கணவாய்.
விலை மட்டம். கொச்சி வண்டி வந்தால் கொஞ்சம் ஏறும்.
தராசில் எண் நிற்பதற்குள்
ஒரு கை தட்டைவிட்டு இறங்கி
மேசையைத் தடவும்,
கரண்ட் போன வீட்டில் சுவிட்ச் தேடுவதுபோல.

சீட்டில் நான்கு பத்தி:
இனம், எடை, விலை, வள்ளத்தின் பெயர்.
வயதுக்குப் பத்தி இல்லை.
இருந்திருந்தாலும்
ஒன்று, ஒன்று, ஒன்று என்றே எழுதியிருப்பேன்.
மிஞ்சினால் ஒன்றரை.
மூன்று கிலோ கனத்ததும்
என் கைப்பேசியைவிட இளையதாக்கும்.

கடியபட்டணத்தில் சிப்பி குளிக்கும் பனியடிமை
ஐப்பசியில் வந்து சொன்னான்:
"கூனிப்பாறைக்கு அடியில, ரெண்டாள் ஆழத்துல,
ஒருத்தி கதவ அடச்சிட்டு இருக்கா."
கதவு என்றது
அவள் இழுத்து அடுக்கிய சிப்பி ஓடுகளை.
உள்ளே கூரையிலிருந்து முட்டைகள்,
தோவாளைப் பிச்சி மொட்டைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டதுபோல.
அவற்றின்மேல் ஊதிக்கொண்டே இருக்கிறாள்,
அழுக்கு தங்காமல், பாசி ஏறாமல்.

அவனுக்கு இடுப்பில் கொக்கி உண்டு.
ஏன் குத்தவில்லை என்று கேட்டேன்.
"மூச்சு பத்தல பிள்ள" என்றான்.
அதே மூச்சில்தான்
பக்கத்துப் பாறையில் அரைச் சாக்கு சிப்பி அறுத்திருந்தான்.

பத்தாம் நாள்
ஒரு நண்டு அவள் வாசலில் நடந்தது.
தின்னவில்லை. தள்ளிவிட்டாளாம்.
இருபதாம் நாள்
தோலில் நிறம் மாறவில்லை.
மாற்ற நிறம் மிச்சமில்லை.

நாத்தனார் றெஜினாவுக்கு
மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் பரிசோதனைக் கூடம்.
பெரிய எண்கள் பழகிப்போனவள்.
நம் கரை மணலில் கிடக்கும் தோரியம் பாதியாய்த் தீர
ஆயிரத்து நானூறு கோடி வருஷம் என்பாள்,
மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே.
பேய்க்கணவாய் எப்போது வந்தது என்று கேட்டேன்.
"முப்பது கோடி வருஷம் இருக்கும். ஆனா
ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாவ."
எலும்பில்லாத குலம்;
கல்லில் பெயர் பதிவது அபூர்வம்.

அப்போது முட்டத்துப் பாறை ஏற்கெனவே கிழம்.
மடகாஸ்கர் பக்கத்து வீடு.
இந்தக் கடல் இங்கே இல்லை;
வேறு ஏதோ கடலில்
இவள் முன்னோர் சுமந்த ஓட்டை இறக்கி வைத்துவிட்டு
வெறும் உடம்போடு பாறையிடுக்கில் நுழைந்தார்கள்.
பூ என்ற ஒன்றே பூமியில் இல்லை.
பிச்சி மொட்டு என்றேனே,
அந்த உவமைக்கு இன்னும் பல கோடி வருஷம் காத்திருக்க வேண்டும்.
முட்டைகளோ அன்றே தொங்கின.

சீட்டின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்.
ஆளுக்கு ஒரு வருஷமென்றால்
முப்பது கோடி அம்மைகள்.
ஒருத்திகூட மகளுக்கு
நண்டின் முதுகு எங்கே மெலிசு என்று காட்டியதில்லை.
எல்லாம் மகள்களுக்குத் தெரிந்திருக்கிறது.
எனக்குப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம்.

மூன்று இதயம் அதற்கு.
நீந்தினால் ஒன்று நின்றுவிடுமாம்.
அதனால் நடக்கவே பிடிக்கும்.

முப்பத்துநாலாம் நாள் கடல் கலங்கல்.
முப்பத்தாறாம் நாள் பனியடிமை குளித்தபோது
கதவு திறந்திருந்தது.
சரங்கள் காலி.
அவளை ஒரு விலாங்கு இழுத்துக்கொண்டிருந்தது.
"குஞ்சுவ?" என்றேன்.
"அரிசி கணக்கா இருக்கும். தண்ணில எத கண்டேன்?"
சிப்பிக்குக் காசு வாங்கிப் போனான்.

அன்று மாலை வந்த வள்ளத்தில் பேய்க்கணவாய்
பதினொரு கிலோ.
ஒன்றுக்கு உயிர் இருந்தது.
எடை எழுதும்போது என் மணிக்கட்டைப் பிடித்தது.
பிடுங்கவில்லை நான்; கை நிறைய பேனாவும் சீட்டும்.
வட்ட வட்டமாய் ஏழு தழும்பு.
இராத்திரி றெஜினா என்னவென்று கேட்டாள்.
பஸ் கம்பி என்றேன்.
காலையில் எண்ணிப் பார்த்தேன்,
ஐந்து.
வேலைக்குப் போகும்போது
ஒன்றுமில்லை.