துவைத்த பிறகு

செக்காலை ரோட்டுப் பேட்டரிக் கடையில்
நேர்காணலுக்கு ஒரே கேள்வி.
"ஸ்கூட்டி ஓட்டுவியா?"
மின்வேதியியலில் வாங்கிய எழுபத்தெட்டு
கோப்புக்குள்ளேயே கிடக்க,
ஓட்டுநர் உரிமத்தை மட்டும்
ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார் முதலாளி அடைக்கலம்.

முதல் வாரம்
அமிலக் கேனைச் சாய்த்தபோது
துப்பட்டாவில் தெறித்தது.
ஈரத் துணியால் ஒற்றினேன்.
கறையில்லை.
ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் கொடியில் போட்டால்
வானம் தெரிந்தது,
பதினோரு இடத்தில்.

கந்தக அமிலம் பருத்தியை என்ன செய்யும் என்று
பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான்,
சமன்பாட்டோடு.
அந்தப் பருத்தி
என் மஞ்சள் சுங்குடியாக இருக்கும் என்று
எங்கே தோன்றியது?

சேவுகன் என் வயசு.
பன்னிரண்டாவதில் வேதியியலில்தான் கோட்டைவிட்டான்.
எந்நாளும் வழுவழு பாலியெஸ்டர் சட்டை.
மனசுக்குள் சிரித்திருக்கிறேன் அதைப் பார்த்து.
"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"
"எம்மெஸ்ஸியாச்சே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."
கேலியில்லை அதில்.
அதுதான் சுருக்கென்றது.

பள்ளத்தூரில் ஒரு விடுதி.
ஆறு மாதத்துக்கொரு தரம் பேட்டரி செத்தது.
"போர்த் தண்ணிதான் ஊத்துறோம்,
எளனியாட்டம் இருக்கும்."
ஊற்றக் கூடாதென்று சேவுகனுக்குத் தெரியும்.
ஏனென்று எனக்குத் தெரியும்.
குளோரைடு, இரும்பு, தகட்டு அரிப்பு
என்று ஆரம்பித்தேன்.
மேலாளர் கேட்டார்:
"வாரண்டி உண்டா?"

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து சேவுகன்,
"அந்த குளோரைடை மறுபடி சொல்லு."
கோட்டையூர் வரைக்கும்
எதிர்காற்றில் கத்திக்கொண்டே வந்தேன்.

மார்ச்சில் கல்லூரியிலிருந்து போன்.
"படிச்ச படிப்புக்கு ஏத்த வேலைதானே?
ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லும்மா."
கையில் ஹைட்ரோமீட்டர்.
மிதவை ஆயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில்
ஆடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை.
"ஒரு நிமிஷம் சார்…"
"ஆமான்னு போட்டுக்கறேன்."

ஜூனில் பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர்:
நூறு சதவீதம் வேலைவாய்ப்பு.
மூன்றாம் வரிசையில் என் முகம்,
அதே மஞ்சள் துப்பட்டா,
ஓட்டை விழாத காலத்தது.
சேவுகன் வண்டியை நிறுத்தச் சொல்லி
அண்ணாந்து பார்த்தான்.
பேர் பேராய்ப் படித்தான்.
"இந்த நூறுல நான் வருவேனா உமையா?"

"ஏறு," என்றேன்.
"தேவகோட்டைக்கு ரெண்டு பேட்டரி போகணும்."