பங்குச் சுவர்

இருபத்துநாலாயிரத்தில் இரண்டு போட்டுவிடு என்றார் தனபாலன்.
சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
"பையன் யாரும் வரலையாம்மா?"
பையன் இல்லை. ஏணி என்னுடையது,
அளவு நாடாவும்.

லெனேசியாவில் ஜூலை.
காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால்
தண்ணீருக்கு முன்னால் ஒரு முனகல் வரும்.
புஷ்பவதி மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து தேநீர் நீட்டினார்.
ஜனவரியில் இதே அறையில்
மெழுகுவத்தி தானாகக் குனிந்துவிடுமாம்.

"பெரிய மெஷின்னா பயமில்லை பாரு."
இருக்கிறது, ஐயா.
பெரிய மெஷின் அவசரக்காரன்.
நாலே நிமிடத்தில் வேலை முடிந்ததென்று படுப்பான்,
ஆறாம் நிமிடம் பதறி எழுவான்,
எழும்போதெல்லாம் மின்சாரத்தில் ஒரு கடி.
மின்வெட்டு ராத்திரியில் உங்கள் பேட்டரி
அவனுக்கே பந்தி வைத்து ஓய்ந்துபோகும்.
விரலுக்குத் தக்க வீக்கம்.
முதலில் விரலைப் பார்ப்போம்.

கூரைக்குள் ஏறினேன்.
மேலே தகரம், கீழே மெல்லிய பலகை,
நடுவே எலிப்புழுக்கை, துருப்பிடித்த மீன் டப்பா,
மற்றபடி வெறும் காற்று.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
இந்த வீட்டுக்கு இடுப்புக்கு மேலே துணியே இல்லை.

டார்ச்சை வலப்பக்கம் திருப்பினேன்.
அங்கே மட்டும் மஞ்சள் கம்பளி,
பதின்மூன்று சென்டிமீட்டர் கனம்,
விட்டத்துக்கு விட்டம் இடைவெளியில்லாமல் செருகியிருந்தது.

"அது அண்ணன் பக்கம்" என்றது கீழிருந்து குரல்.
"நம்ம கணக்குல சேர்க்காதே."

வீட்டை இரண்டாக்கிய சுவர்
சீலிங்கோடு நின்றுவிட்டது.
கூரைக்கு விஷயம் தெரியாது.

இறங்கிப் படிவத்தை நிரப்பினேன்.
மேற்கு ஜன்னல் இரண்டு, ஒற்றைக் கண்ணாடி.
கதவடியில் ஒரு விரல் இடைவெளி.
தலைகள் நான்கு. நாய் உள்ளேதான் தூங்கும்.
பங்குச் சுவர் பதினொரு மீட்டர்.
அதற்கு ஒரு கேள்வி உண்டு, கேட்காமல் எண் வராது:
அப்பால் குளிரா, சூடா?
இரு பக்கமும் ஒரே வெப்பமென்றால்
சுவரைப் பூஜ்யம் என்று எழுதிவிடலாம்,
எதுவும் கடக்காது.

தனபாலன் ஜன்னலைப் பார்த்தார்.
"எனக்கெப்படித் தெரியும்."
ஏழு வருஷமாம்.

"கடைசி ரூம்ல மட்டும் ஹீட்டர்," என்றார் புஷ்பவதி.
"ஆறு மணிக்கு க்ளிக். ஒன்பதுக்கு க்ளிக்.
இருபது தேதிக்கு மேல கேட்காது.
மீட்டர்ல காசு தீர்ந்துடும் போல."
அவர் மனைவியை ஒரு புது ஆளைப் போலப் பார்த்தார்.
"என் தலைமாடு அந்தப் பக்கம்தானே" என்றார் அவள்,
கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

எழுதினேன்: அப்பால், மாதத்தில் பத்து நாள், குளிர்.
சுவர் பூஜ்யமில்லை.

இப்படியே விட்டால்
இருபத்துநாலாயிரத்தில் இரண்டு. அவர் சொன்னது சரிதான்.
கூரையைப் போர்த்தி, கதவடியை அடைத்தால்
பன்னிரண்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று.
என் கமிஷனில் பாதிக்கு மேல் அந்த வரியிலேயே கரைந்தது.
மறுபடி கூட்டிப் பார்த்தேன்,
தப்பாக இருக்குமோ என்கிற ஆசையில்.

"கம்பளி எத்தனை சுருள்?"
எட்டரை போதும் என்றேன்.
"அதென்ன அரை?"

அண்ணன் வெட்டிய இடத்தில்
கத்தி சுவரின் கோட்டில் நிற்கவில்லை.
ஒரு முழம் தாண்டி
இந்த வீட்டுத் தலைமாட்டுக்கு மேலே முடிகிறது, நீளம் முழுக்க.
கை தவறியிருக்கலாம். சுருளில் மிச்சம் இருந்திருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
இங்கே வேண்டாம். இருக்கிறது.